சைக்கிள் ஓட்டம் நடத்தப் போகிறீர்களா? இவற்றைச் செய்யாதீர்கள்

சித்திரை வந்தால் போதும், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் கழகங்கள் சைக்கிள் ஓட்டம் அறிவித்துவிடும். புதிதாகக் குழு அமைத்த தம்பிமார் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவார்கள். ஹெல்மெட், அம்புலன்ஸ், பொலிஸ் அனுமதி எல்லாம் அவர்களுக்கே தெரியும். "எல்லோரும் பங்குபற்றலாம்" என்று நோட்டீஸ் அடித்துவிட்டு, பாதிப்பேர் வர முடியாதபடி ஓட்டத்தை நடத்துகிறார்களே, அதுதான் எங்கள் காலத்திலிருந்து மாறவில்லை.

ஆள் குறைவு என்று பெண்கள் பிரிவை நிறுத்துவது

சில வருடங்களுக்கு முன் கல்முனைப் பக்கம் ஒரு ஓட்டம். பெண்கள் பிரிவுக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒரு பிள்ளை திருக்கோவிலிலிருந்து மாமாவின் மீன் லொறியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தது. சில்லுக் கம்பியில் செதில் ஒட்டியிருந்தது. ஆண்கள் ஓட்டம் முடியட்டும் என்று வெயில் ஏறும்வரை நிற்கவைத்தார்கள். பிறகு, ஐந்து பேராவது வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். "ரெண்டாவது ஓட்டத்தில ஆம்பிளைகளோட சேந்து ஓடுங்க புள்ள, என்ன வந்தது?" என்றார் குழுவில் ஒருவர்.

என்ன வந்தது என்றால், இதுதான். கூட்டமாக ஓடும்போது காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வார், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு மிதிப்பது லேசு. கூட்டத்தைத் தவறவிட்டால் காற்றோடு தனியே மல்லுக்கட்ட வேண்டும், திரும்பப் பிடிப்பது மிகக் கஷ்டம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். அப்படிப் பின்தங்கிய மூவரும் வந்து சேர்ந்தபோது முடிவுக்கோட்டு நாடாவைச் சுருட்டிவிட்டார்கள், மேடையில் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடம் ஒருத்தியும் வரவில்லை. "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்றது அதே குழு. இன்றைக்கும் யாராவது அதைச் சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மூன்று பேர் வந்தால் மூன்று பேருக்கு ஓட்டம் வையுங்கள். ஒருத்தி வந்தாலும் நேரம் பார்த்து ஓடவிடலாம். ரோட்டை ஒரு தடவைதான் மறிக்க முடியும் என்றால் சில நிமிட இடைவெளியில் தனியாக விட்டு, இடங்களைத் தனியாக எழுதுங்கள். விடியற்காலை முதல் ஓட்டம் அவர்களுடையதாக இருக்கட்டும். தூரம் தாங்காது என்ற கதையும் வேண்டாம். ஒலிம்பிக் வீதி ஓட்டத்தில் ஆண்கள் 1896 இலேயே ஓடினார்கள், பெண்களை 1984 இல்தான் சேர்த்தார்கள். ஒவ்வொருவராக விட்டு நேரம் பார்க்கும் 2024 பாரிஸ் தனிநேர ஓட்டத்திலோ இருபாலாருக்கும் ஒரே 32.4 கிலோமீற்றர்.

பெண்களுக்கு மெதுவோட்டம் மட்டும்

கடைசியாக வருகிறவர் வெல்கிற மெதுவான சைக்கிள் ஓட்டம் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்குச் சரி. இது வேறு.

எல்லாச் சைக்கிளையும் ஒன்றாக விடுவது

கியர் வைத்த ரேசிங் சைக்கிளோடு, மட்கார்டும் கரியருமாக நிற்கிற வீட்டு லுமாலா சைக்கிள் எப்படி ஓடும்? வசதியில்லாத பிள்ளை அங்கேயே தோற்றுவிட்டான். சாதாரண சைக்கிளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். கியர் கூடாது, மட்கார்ட் கழற்றலாமா கூடாதா, எல்லாம் நோட்டீஸிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் காலையில் ஸ்பானரோடு சண்டை.

உடை

முழுக்கையும் முக்காடும் தடையில்லை என்று எழுதிவிடுங்கள். தொங்கல் செயினில் மாட்டாமல் இருந்தால் போதும், ஹெல்மெட் முக்காட்டுக்கு மேலேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமை, நோன்பு மாதம்

வைக்காதீர்கள். அப்புறம் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

கையால் மிதிக்கும் வண்டிக்காரரைச் சும்மா வலம்வரச் செய்வது

கைதட்டி, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் கைமிதி வண்டி முறையான போட்டி. இலக்கம் கொடுங்கள், நேரம் பாருங்கள், பாலம் ஏறாத சமதரை ரோட்டைத் தெரிவுசெய்யுங்கள்.

பரிசு

ஆண்களுக்குச் சைக்கிள், பெண்களுக்குத் தேநீர்க் கோப்பை செட்! உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே 2013 முதல் பரிசுப்பணம் சமம். அனுசரணையாளர் ஒரு சைக்கிள்தான் தந்தார் என்றால், விற்றுக் காசைப் பிரித்துக் கொடுங்கள்.