புது பிராண்ட் ஸ்பேனரை நம்பி வாங்கலாமா? கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது எப்படி

நான் முதன்முதலில் வாங்கிய ஸ்பேனர் செட்டில் ஒவ்வொன்றின் முதுகிலும் 'குரோம் வனேடியம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்றாவது மாதம் துருப்பிடித்த ஒரு நட்டில் பத்து நம்பர் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். நட் அசையவில்லை, ஸ்பேனரின் வாய்தான் விரிந்தது. நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. என் விரல் முட்டி எதிரிலிருந்த தகட்டில் போய் இடித்துத் தோல் கிழிந்தது. அந்த ஒரு நட்டை உளி வைத்து வெட்டி எடுக்க அரை நாள் போயிற்று.

அன்றிலிருந்து நான் கருவியின் முதுகைப் படிப்பதைக் குறைத்துக்கொண்டு வாயைப் பார்க்கிறேன். இப்போது மாதத்துக்கு ஒரு புது பிராண்ட் வருகிறது. 'அதே தரம், பாதி விலை' என்கிறது ஒன்று, 'இன்ன நாட்டில் செய்தது' என்று மார்தட்டுகிறது இன்னொன்று. முதல் செட் வாங்கப் போகிறவர் இதில் குழம்பாமல் இருக்க, நான் செய்து பார்க்கும் வரிசையை அப்படியே தருகிறேன்.

படி 1: பெயர் யாருடையது, செய்தவர் யார் என்று பிரித்துப் பாருங்கள்

கருவியில் பொறித்திருக்கும் பெயர், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், உருக்கி அடித்துச் செய்த தொழிற்சாலை: மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் இருப்பதும் இல்லை.

மில்வாக்கி என்ற பெயரைக் கேட்டால் அமெரிக்கக் கம்பெனி என்றுதான் தோன்றும். 2005 முதல் அதன் உரிமையாளர் ஹாங்காங்கைச் சேர்ந்த டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ். ஆனால் மில்வாக்கி கைக்கருவிகளுக்கென்றே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெஸ்ட் பெண்ட் என்ற ஊரில் ஆலை நடத்துகிறது. வேரா ஜெர்மன் கம்பெனி, தலைமையகம் வுப்பர்டாலில். அதன் ஸ்க்ரூ டிரைவர்கள் செக் நாட்டிலிருந்து வருகின்றன. பாக்கோ ஸ்வீடனில் பிறந்த பெயர், இன்று ஸ்னாப்-ஆன் என்ற அமெரிக்கக் கருவிக் கம்பெனியின் குடும்பத்தில் இருக்கிறது.

புதியவர்களில் ஐக்கான் நல்ல உதாரணம். ஹார்பர் ஃபிரைட் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி 2018-ல் கொண்டுவந்த பெயர் அது. ஸ்னாப்-ஆனோடு நேரடியாக ஒப்பிட்டே விளம்பரம் செய்தார்கள். அந்தக் கருவிகளில் பல தைவானில் செய்தவை. தைவானின் தைச்சுங் வட்டாரத்தில் சாக்கெட் (நட்டின் மேல் குப்பிபோல் கவிழ்த்து மாட்டுவது), ராட்செட் (அதை ஒரு பக்கம் மட்டும் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடி), ஸ்பேனர் செய்யும் ஆலைகள் நெருக்கமாக இருக்கின்றன. உலகின் பல பிராண்டுகள் தங்கள் பெயரைப் பொறித்துத் தரச்சொல்லி அங்கேதான் ஆர்டர் கொடுக்கின்றன. ஆகவே 'புது பிராண்ட்' என்றால் புது ஆலை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய, கை தேர்ந்த ஆலையின் சரக்கு புதுச் சட்டை போட்டு வந்திருக்கலாம். எதற்கும் லாயக்கில்லாத ஆலையின் சரக்கும் அதே மாதிரிச் சட்டையோடு வரலாம்.

படி 2: நாட்டின் பெயரை எப்படி வாசிப்பது

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரை பெருமைக்காகப் பிறந்தது அல்ல. 1887-ல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. கத்திக்குப் பெயர்போன தன் ஷெஃபீல்டு நகரத்துச் சரக்கு என்று ஏமாற்றி விற்கப்பட்ட ஜெர்மன் சரக்கிலிருந்து உள்நாட்டுத் தொழிலைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வெளிநாட்டுச் சரக்கு எது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் ஒதுக்குவார் என்பது கணக்கு. சில பத்தாண்டுகளில் அந்த எச்சரிக்கை முத்திரையே நற்சான்றிதழாகிவிட்டது. ஜப்பானியக் கருவிக்கும் தைவான் கருவிக்கும் இதே கதைதான் பிறகு நடந்தது. ஒரு காலத்தில் முகம் சுளித்தவர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள்.

நாட்டின் பெயர் என்னவோ ஒன்றுதான், சட்டப்படி அதன் எடை ஒவ்வொரு நாட்டிலும் வேறு. அமெரிக்காவில் எந்த நிபந்தனையும் இல்லாமல் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று போட வேண்டுமானால் பொருள் முழுவதுமோ அநேகமாக முழுவதுமோ அங்கேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2021-ல் இதைத் தனி விதியாகவே ஆக்கியது. ஸ்விட்சர்லாந்தில் 2017 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, தொழிற்சாலைப் பொருளின் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அங்கே ஆகியிருக்க வேண்டும். இதனால் 'வடிவமைத்தது இன்ன நாட்டில்', 'இன்ன நாட்டு உதிரிகளைக் கொண்டு பூட்டியது' என்பது போன்ற சுற்றி வளைத்த வாசகங்களைக் கண்டால் நிதானியுங்கள். முழு வாக்கியத்தையும் படியுங்கள், கொடியின் படத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

பார்கோடை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறு. 471 என்று தொடங்கினால், அந்தக் கம்பெனி பார்கோடு எண்ணைத் தைவான் அமைப்பிடம் பதிந்து வாங்கியது என்று மட்டுமே பொருள். சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது.

தயாரிப்பை இன்னொரு நாட்டுக்கு மாற்றுவது முத்திரையை மாற்றுவதுபோல் சுலபம் இல்லை என்பதற்கு கிராஃப்ட்ஸ்மேன் என்ற அமெரிக்கக் கருவி பிராண்ட் சாட்சி. 1927-ல் சியர்ஸ் என்ற கடைச் சங்கிலி தொடங்கிய அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் 2017-ல் வாங்கியது. தயாரிப்பை அமெரிக்காவுக்கே திரும்பக் கொண்டுவருகிறோம் என்று 2019-ல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் தானியங்கி இயந்திரங்களை நம்பி ஓர் ஆலையை அறிவித்தார்கள். 2023-ல் அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது.

புது பிராண்டுகளில் எனக்கு நம்பிக்கை தருவது ஒரே ஒரு பழக்கம்: ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக, எந்த நாட்டில் செய்தது என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதுவது. அமெரிக்காவின் டெக்டன் அப்படிச் செய்கிறது. ஒரே பிராண்டில் ஒரு கருவி தைவான், இன்னொன்று அமெரிக்கா என்று இருக்கும். மறைக்காமல் சொல்பவர் மற்றதையும் பெரும்பாலும் மறைக்கமாட்டார் என்பது என் அனுபவம்.

படி 3: விலை எங்கே குறைந்தது என்று கேளுங்கள்

விலை குறைவு என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். ஸ்னாப்-ஆன் கருவி வேனில் ஏறி மெக்கானிக்கின் பட்டறை வாசலுக்கே வருகிறது, தவணையிலும் தருகிறார்கள், உடைந்தால் அதே வேனில் மாற்றித் தருகிறார்கள். அந்தச் சேவைக்கான பணமும் கருவி விலைக்குள்தான் இருக்கிறது. இணையத்தில் நேராக விற்கும் புது பிராண்டுக்கு வேனும் இல்லை, இடைத்தரகரும் இல்லை. அங்கே குறையும் பணம் இரும்பில் குறைந்தது ஆகாது.

பயப்பட வேண்டியது பதத்தில் மிச்சம் பிடிப்பவரைப் பார்த்து. கொல்லர்கள் 'பதம்' என்று சொல்லும் அந்த வேலை, அதாவது காய்ச்சி, நனைத்து, மறுபடி இளக்கமாகச் சூடாக்கி எடுப்பது, கண்ணுக்குத் தெரியாது. குரோம் வனேடியம் என்பது எஃகின் கலவையை மட்டும் சொல்லும் பெயர். பதம் சரியில்லை என்றால் அதே எஃகு ரப்பர்போல் வளையும், இல்லையேல் கண்ணாடிபோல் உடையும். ஸ்பேனருக்கு ராக்வெல் சி என்ற கடின அளவில் சுமாராக 40-க்கு மேல் போதும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தன்மையும் வேண்டும். கம்பி வெட்டும் பிளேயரின் வெட்டு முனைக்கோ 60-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கடினத்தை எண்ணாகவே வெளியிடும் பிராண்டுக்கு என்னிடம் ஒரு மதிப்பெண் கூடுதல்.

படி 4: முழு செட் வேண்டாம், ஒரே ஒரு பத்து நம்பர்

புது பிராண்டில் முதலில் ஒற்றை ஸ்பேனர் வாங்குங்கள். பத்து நம்பரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதிகம் பயன்படுவதும் அதுதான், அதிகம் தொலைந்து போவதும் அதுதான். சோதித்த பிறகும் வீணாகாது.

எம்6 போல்ட்டின் (6 மி.மீ. தடிமன்) தலை பெயரளவில் 10 மி.மீ. உண்மையில் 9.78 முதல் 10.00 மி.மீ. வரை இருக்க அனுமதி உண்டு. ஸ்பேனரின் வாய் 10-ஐ விட இம்மி அளவு பெரிதாக இருந்தால்தான் நுழையும். அந்த இம்மி கூடினால் ஸ்பேனர் நட்டின் தட்டையான பக்கத்தை விட்டுவிட்டு மூலையைப் பிடிக்கும். மூலை மழுங்குவது அங்கேதான் தொடங்குகிறது.

சோதிக்க ஒரு 10 மி.மீ. டிரில் பிட்டும், தகடு தகடாக விரியும் ஃபீலர் கேஜும் போதும். பிட்டின் வழுவழுப்பான தண்டை ஸ்பேனர் வாய்க்குள் விடுங்கள். தாராளமாக, ஆனால் கடகடவென ஆடாமல் நுழைய வேண்டும். இப்போது தண்டுக்கும் வாயின் ஒரு பக்கத்துக்கும் நடுவே 0.30 மி.மீ. தகட்டைச் செருகிப் பாருங்கள். அதுவும் உள்ளே போனால் அந்த ஸ்பேனரை ஓரமாக வைத்துவிடுங்கள். வாயின் நுனியிலும் அடியிலும் இரண்டு முறை பாருங்கள். நுனி மட்டும் அகன்றிருந்தால் அரைத்தவர் கை நடுங்கியிருக்கிறது.

அடுத்து, இறுகிய ஒரு நட்டில் மாட்டி, உடல் எடையைப் போடாமல் கை பலத்தால் மட்டும் நன்றாக இழுங்கள். பைப் மாட்டி நீட்டாதீர்கள். அது சோதனை இல்லை, சித்திரவதை. இழுத்த பிறகு மறுபடி தண்டையும் தகட்டையும் வைத்துப் பாருங்கள். முன்பு நுழையாத தகடு இப்போது நுழைந்தால் பதம் போதவில்லை. என்னுடைய முதல் ஸ்பேனரை இப்படிப் பார்த்திருந்தால் விரல் தோல் மிஞ்சியிருக்கும்.

வளைய முனையில் இன்னொன்று கவனியுங்கள். உள் மூலைகள் கூர்மையாக இல்லாமல் லேசாக வளைந்து குடைந்திருந்தால், விசை நட்டின் மூலையில் விழாமல் பக்கவாட்டில் விழும். ஸ்னாப்-ஆன் 'ஃபிளாங்க் டிரைவ்' என்று பிரபலமாக்கிய வடிவம் இது. காப்புரிமைக் காலம் முடிந்து இன்று மலிவான கருவியிலும் கிடைக்கிறது. இதற்காக மட்டும் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 5: ராட்செட்டைக் காதால் சோதியுங்கள்

பல் எண்ணிக்கையைப் பெட்டியில் பெரிதாகப் போடுவார்கள். கணக்கு எளிது: 360-ஐப் பல்லின் எண்ணிக்கையால் வகுங்கள். 36 பல் என்றால் ஒவ்வொரு முறையும் 10 டிகிரி ஆட்ட வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி, 90 என்றால் 4. கை நுழையாத சந்தில் இந்த வித்தியாசம் பெரிது, திறந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

எண்ணைவிட முக்கியம், பின்னால் திரும்பும்போது எவ்வளவு இழுக்கிறது என்பது. சாக்கெட் மாட்டி, நுனிவிரலால் மட்டும் அந்தச் சாக்கெட்டைப் பின்னால் சுழற்றுங்கள். இழுத்துப் பிடித்தபடி சுற்றினால், தளர்ந்த நட்டில் மாட்டும்போது ராட்செட் பின்னால் போகும்போதெல்லாம் நட்டும் கூடவே வந்துவிடும், கழற்றவே முடியாது. காதருகே வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரே சத்தமாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்று அமுங்கிக் கேட்டால் உள்ளே பிசிறோ, அளவுக்கு மீறிய கிரீஸோ இருக்கிறது.

படி 6: பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும்

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டு முனை நெடுக வெளிச்சம் கசியக்கூடாது. மெல்லிய தாளை நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள், கிழித்தால் வேண்டாம். பிடியைப் பக்கவாட்டில் ஆட்டும்போது மூட்டு லொடலொடத்தால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

மின்வேலைக்கென்றால் விலை பேசும் இடமே இல்லை. இரட்டை முக்கோணக் குறி, 1000 வோல்ட், ஐஇசி 60900 (மின்காப்புக் கைக்கருவிகளுக்கான சர்வதேசத் தரம்) ஆகிய மூன்றும் பொறித்திருக்க வேண்டும். அந்தத் தரத்தின்படி ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக 10,000 வோல்ட்டில் சோதிக்கப்படுகிறது. பிடியில் ரப்பர் உறை போட்டதெல்லாம் மின்காப்பு ஆகாது. பெயர் கேள்விப்படாத பிராண்டில் இந்த ஒரு கருவியை மட்டும் நான் வாங்குவதில்லை.

ஸ்க்ரூ டிரைவரில் கூட்டல் குறி முனை ஒன்றுபோலத் தெரியும், ஒன்று இல்லை. ஜப்பானிய இயந்திரங்களின் பழைய திருகுகளில் ஃபிலிப்ஸ் எனும் வழக்கமான முனை சரியாக உட்காராமல் நழுவித் தலையைத் தின்றுவிடும். அதற்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) முனை வேண்டும். இது பிராண்டின் குற்றம் இல்லை.

படி 7: 'ஆயுள் உத்தரவாதம்' என்பதை இறுதிவரை படியுங்கள்

யார் தபால் செலவு தருவது, பில் வேண்டுமா, எந்தெந்தக் கருவிக்குப் பொருந்தாது என்று பாருங்கள். டார்க் ரெஞ்சும் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) வெட்டும் கருவிகளும் பெரும்பாலும் விலக்கில் இருக்கும். டெக்டன் போன்ற சிலர் உடைந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும் என்கிறார்கள். உங்கள் நாட்டுக்கு அந்தச் சேவை உண்டா என்று வாங்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதும் ஒரு சோதனைதான்.

இவ்வளவும் தேறினால் செட்டுக்குப் போகலாம். 'இருநூறு உருப்படி' என்ற வார்த்தையில் மயங்காமல் எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிட்களாக இருக்கும். 8 முதல் 19 வரை ஓர் எண்கூட விடுபடாமல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நான் கடைசியாகத் திருப்பி அனுப்பிய செட்டில் எல்லாம் சரியாக இருந்தது, 16 மட்டும் இல்லை.