கனெக்ட் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பீட்டா மோடம் ஃபர்ம்வேரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக நெட்வொர்க் வேலைக்கு வரும் பிள்ளைகள் ஏதோ ஒரு கருவியில் பீட்டா ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளின் சோதனைப் பதிப்பை, ஏற்றுவார்கள். ஒரே ஒரு தடவை வேகச் சோதனை ஓட்டுவார்கள். எண் கூடியிருந்தால் அந்தப் படத்தைக் குழுவில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தொலைபேசி லைனில் இணையம் தந்த டயல்-அப் நிறுவனங்களில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் மோடம் ரேக்குகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் இதே கூத்துதான்.

அமைப்புகளை நகலெடுத்து வைக்காதது, ஃபர்ம்வேர் ஏறும்போது மின்சாரத்தை நிறுத்துவது போன்றவற்றைக் கையேடே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'பீட்டாவே வேண்டாம்' என்று சொல்வதும் சுலபம். ஆனால் 1997இல் 56கே (நொடிக்கு 56,000 பிட் வரை) மோடம்கள் வந்தபோது யுஎஸ் ரோபோட்டிக்ஸின் எக்ஸ்2 ஒரு பக்கம், ராக்வெல்லும் லூசென்ட்டும் கொண்டுவந்த கே56ஃபிளெக்ஸ் இன்னொரு பக்கம். ஒன்றோடு ஒன்று 56கே வேகத்தில் பேசாது. பொதுத் தரமான வி.90க்கு 1998 பிப்ரவரியில்தான் உடன்பாடு வந்தது. செப்டம்பரில் முறைப்படி ஏற்றார்கள். அதற்குள் வாடிக்கையாளர்கள் வி.90 மோடம் வாங்கிவிட்டார்கள். நிறுவனத்து ரேக்குக்கோ பீட்டா ஃபர்ம்வேர்தான் கிடைத்தது. ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றிய பிறகு எதைப் பார்ப்பது என்பதில்தான் கோட்டைவிட்டார்கள்.

கனெக்ட் வேகத்தை வைத்து மதிப்பெண் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

வி.90இல் இறங்கு வேகம் 28,000 முதல் 56,000 வரை சுமார் 1,333 பிட் இடைவெளியில் படிப்படியாக ஏறும். இணையும்போது இரண்டு மோடமும் கத்திக்கொண்டே லைனை அளந்து, எந்தப் படியில் நிற்கலாம் என்று முடிவெடுக்கும். திரையில் தெரியும் கனெக்ட் எண் அந்த நொடியின் கணிப்பு மட்டுமே. பீட்டாவை எழுதியவர் கொஞ்சம் தாராளமாகக் கணித்தால் எண் இரண்டு படி ஏறிவிடும். லைன் என்னவோ அதே லைன்தான்.

பிறகு நடப்பது வெளியே தெரியாது. இரைச்சல் வந்து தரவு கெட்டால், வி.42 பிழைதிருத்தம் அதை மறுபடி அனுப்பச் சொல்லும். திரையில் அதே 50,666 நிற்கும். பக்கம் மட்டும் இறங்காது. பிழை கூடினால் லைனை மறுபடி அளக்கும். இதுதான் ரீட்ரெய்ன். அந்த நேரம் முழுக்க ஒரு பைட்கூட நகராது. அதுவும் தோற்றால் லைன் கட்.

நான் வேலை செய்த இடத்தில் மேலாளர் தினசரிச் சராசரி கனெக்ட் வேகத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார். பீட்டா ஏறிய வாரம் கோடு மேலே போனது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. தொலைபேசியில் ஒரு வாடிக்கையாளர் சொன்னார்: "வேகமெல்லாம் நல்லாத்தான் காட்டுதுங்க. நிக்கத்தான் மாட்டேங்குது." 'உங்கள் வீட்டு லைனைப் பாருங்கள்' என்று பதில் போனது. அவரும் ஆளை வரவழைத்துப் பார்த்தார். லைன் சுத்தமாக இருந்தது. ஃபர்ம்வேர் தந்தவர்களைக் கேட்டால், அடுத்த பீட்டாவில் சரியாகிவிடுமாம். நடுவில் அந்த மனிதர் டயல் செய்துகொண்டே இருந்தார்.

பார்க்க வேண்டியது, உள்ளே வருபவரின் பெயரைச் சரிபார்த்துக் கணக்கு வைக்கும் ரேடியஸ் சேவையகத்தின் பதிவை. ஒவ்வோர் இணைப்பும் எவ்வளவு நேரம் நின்றது, எதனால் முடிந்தது என்று இரண்டும் அதில் இருக்கும். 'யூசர் ரிக்வெஸ்ட்' என்றால் அவரே துண்டித்தார். 'லாஸ்ட் கேரியர்' என்றால் சிக்னல் போய்விட்டது. மோடத்தை அப்படியே அணைப்பவர்களும் இதில்தான் விழுவார்கள் என்பதால், அதே பெயர் ஓரிரு நிமிடத்தில் மறுபடி உள்ளே வருகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். வேலை முடித்து அணைத்தவர் உடனே திரும்ப மாட்டார். பாதி ரேக்கில் பழையதையும் பாதியில் பீட்டாவையும் ஒரு வாரம் ஓட்டி இந்தக் கணக்கை எடுத்தால் போதும், சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடலாம். 44,000இல் ஒரு மணி நேரம் நிற்கும் இணைப்பைக் குறை சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

ரேடியஸில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நினைப்பது

மோடம் அழைப்பை எடுக்கிறது, கத்துகிறது, இணைய முடியாமல் வைத்துவிடுகிறது. பயனர்பெயர் வரும் கட்டத்தையே தொடாததால் ரேடியஸில் ஒரு வரியும் விழாது. இன்னொரு கொடுமையும் உண்டு. கெட்ட மோடம் சீக்கிரம் காலியாகிவிடும். வரிசையில் காலியாக இருக்கும் முதல் மோடத்துக்கே அழைப்பு போகும்படி வைத்திருந்தால், அடுத்தவரும் அதனிடமே மாட்டுவார். பிஆர்ஐ (பல அழைப்புகளை ஒன்றாக ரேக்குக்குக் கொண்டுவரும் டிஜிட்டல் லைன்) பக்கத்து அழைப்புப் பதிவில், ஒரு நிமிடத்துக்குள் முடிந்த அழைப்புகளை மோடம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். குற்றவாளி அங்கே இருப்பான்.

அலுவலகத்து மோடத்தில் மட்டும் சோதிப்பது

ஒரு சிப்செட்டுக்கு (மோடத்தின் உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு)ச் செய்த திருத்தம் இன்னொன்றைக் கெடுக்கும். கணினியின் டிரைவரை நம்பி ஓடும் வின்மோடம்களையும் சோதனையில் சேருங்கள். புகார் வந்தால் முதலில் சிப்செட்டைக் கேளுங்கள்.

பழைய ஃபர்ம்வேர் கோப்பை அழிப்பது

அழிக்காதீர்கள்.

வி.34க்கு இறக்கிவிட்டுப் புகாரை மூடுவது

ஏடி கட்டளையால் (மோடத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கட்டளை) வாடிக்கையாளரின் மோடத்தை, 56கேக்கு முந்தைய தரமான வி.34இல் கட்டிப்போட்டால் இணைப்பு பெரும்பாலும் அறுபடாமல் நிற்கும். நோய் 56கே பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இது நல்ல வழி. ஆனால் அதோடு புகாரை மூடினால், 56கே மோடம் வாங்கியவர் 33,600க்கு மேல் பார்க்கவே மாட்டார். ஃபர்ம்வேர் எழுதியவருக்கும் பிழை போய்ச்சேராது. கட்டளை கொடுத்தவர்களின் பட்டியலை வைத்திருங்கள். அடுத்த பதிப்பு ஏறியதும் முதலில் அவர்களைக் கூப்பிட்டு அந்த வரியை எடுக்கச் சொல்லி, ஒரு வாரம் கழித்து அவர்கள் இணைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.