நகராட்சிக்கு அடுத்த வழக்கறிஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரி நகர்மன்றங்களுக்கு

நகராட்சி வழக்கறிஞரை மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மன்றத்தில் முதலில் அடிபடுவது பெயர்கள்தான். இவர் நம்மவர், அவர் சீனியர், இன்னொருவர் தலைவருக்கு வேண்டியவர். பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் நகராட்சி மீது எத்தனை வழக்கு நிலுவையில் இருக்கிறது, எந்தக் கோர்ட்டில், அடுத்த வாய்தா எப்போது என்று ஆணையாளர் மேசையில் ஒரே தாளில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அந்தத் தாள் தயாராவதற்கு முன் ஆளைத் தேடுவது, வேலை என்னவென்று தெரியாமல் வேலைக்காரரை அழைப்பது மாதிரி.

வழக்குகளை எண்ணுவது

அலுவலகத்து வழக்குப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். நகரமைப்புப் பிரிவுக்கு வந்த சம்மன் அங்கேயே ஒரு கோப்பில் கிடக்கும். வருவாய்ப் பிரிவுக்கு வந்தது இன்னொரு அலமாரியில் இருக்கும். கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்ட நீதிமன்றப் பகுதிக்குப் போய், தரப்பினர் பெயரை வைத்து ஆண்டு வாரியாகத் தேடுங்கள். ‘ஆணையாளர்’ என்ற ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி வழக்கு சிக்காது. நகராட்சி, நகர்மன்றம், முனிசிபாலிட்டி, கமிஷனர், எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் என்று ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். தருமபுரி என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘டி’யில் தொடங்கியும் ‘டிஎச்’சில் தொடங்கியும் பதிந்திருப்பார்கள். கிடைக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்கென்று இ-கோர்ட்ஸ் தரும் தனி அடையாள எண்) குறித்துவிட்டால் பிறகு தேடும் வேலையே இல்லை.

பட்டியல் கிடைத்ததும் நான்காகப் பிரியுங்கள். ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கு எதிராக வாங்கிய தடை உத்தரவு வழக்குகள் ஒன்று. பேருந்து நிலையம், சந்தைப்பேட்டைக் கடைகளின் வாடகை, குத்தகை வழக்குகள் இரண்டு. கட்டட அனுமதி, பூட்டி சீல் வைத்தது போன்ற நகரமைப்பு வழக்குகள் மூன்று. பணியாளர், ஒப்பந்ததாரர், விபத்து இழப்பீடு என மிச்சமெல்லாம் நான்கு. எந்தக் கட்டு கனமாக இருக்கிறதோ அந்த வேலை தெரிந்தவரைத் தேடுவதுதான் கணக்கு. குற்றவியலில் கொடிகட்டிப் பறப்பவரை உரிமையியல் கட்டு நிறைந்த நகராட்சிக்குப் போட்டால் இரண்டு தரப்புக்கும் கஷ்டம்.

உயர் நீதிமன்றத்தை இதோடு சேர்க்காதீர்கள். இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ரிட் வழக்கு (அரசு அமைப்பின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுவது) என்றால் சென்னைதான், மதுரைக் கிளை இல்லை. தருமபுரியிலிருந்து 300 கிலோமீட்டர் அளவு. அங்கே வழக்கு நடத்த வேறு ஆள், வேறு நியமனம். உள்ளூர் வழக்கறிஞரிடம் ‘சென்னையையும் நீங்களே பாருங்க’ என்று ஒப்படைத்தால், ரிட்டில் ‘மனுவை எட்டு வாரத்தில் பரிசீலித்து உத்தரவிடவும்’ என்று வந்த உத்தரவு அலுவலகத்துக்கு எட்டாமலே போய், கடைசியில் ஆணையாளர் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அறிவிப்பு

நியமிக்கும் அதிகாரம் மன்றத்துக்கா ஆணையாளருக்கா, கட்டணத்துக்கு உச்சவரம்பு என்ன என்பதை நடப்பில் உள்ள அரசாணை, நகராட்சி நிர்வாக இயக்குநரகச் சுற்றறிக்கைகளின்படி கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதனால் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவுகளைப் போட்டு, பழைய கோப்பைப் பார்த்து நகலெடுத்த அலுவலகக் குறிப்பு இனி செல்லாது. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

வழக்கறிஞர்கள் வேலை கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆனால் நகராட்சி விண்ணப்பம் கேட்பதில் தடை எதுவும் கிடையாது. நகராட்சி அறிவிப்புப் பலகையோடு நிறுத்திக்கொள்ளாமல் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வழக்கறிஞர் சங்கங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் அந்தப் பக்கத்துச் சங்கங்களுக்கு அனுப்பலாம். விண்ணப்பிக்க 15 நாள் போதும். பஞ்சாப் அரசு எதிர் பிரிஜேஷ்வர் சிங் சஹல் வழக்கில், அரசு வழக்கறிஞர் நியமனம் நியாயமாகவும் வெளிப்படையாகவும் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது. பின்னால் யாராவது கேள்வி கேட்டால் இந்த 15 நாள் அறிவிப்புதான் கைகொடுக்கும்.

விண்ணப்பத்தோடு கேட்க வேண்டியவை: பார் கவுன்சில் பதிவுச் சான்று, தொழில் புரியும் சான்று, கடந்த மூன்று ஆண்டுகளில் தானே நடத்தி முடித்த பத்து உரிமையியல் வழக்குகளின் எண்கள், தன் கையால் வரைந்த எதிருரை, அதாவது வழக்குக்கு எதிர்த்தரப்பு தரும் எழுத்துமூலப் பதில், ஒன்று (தரப்பினர் பெயரை மறைத்து), நகராட்சிக்கு எதிராக இப்போது நடத்தும் வழக்குகளின் முழுப் பட்டியல். நன்னடத்தைச் சான்று, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தெல்லாம் கேட்டுக் காகிதத்தைப் பெருக்க வேண்டாம்.

பதிவு எண்ணின் கடைசியில் இருப்பது பதிவு செய்த ஆண்டு. அனுபவத்தைக் கணக்கிட அதுவே போதும். அதே எண்ணை இ-கோர்ட்ஸில் வழக்கறிஞர் தேடலில் போட்டால் அவர் பேரில் உள்ள வழக்குகள் வரும். பத்து வழக்கையும் திறந்து பாருங்கள். தீர்ப்பு யார் பக்கம் வந்தது என்பது பெரிய விஷயமில்லை, அது வழக்கின் கையில் இருக்கிறது. எத்தனை வாய்தா ‘எதிருரைக்காக’ என்றே நகர்ந்தது, எத்தனை வழக்கு ஆஜராகாமல் தள்ளுபடியானது, எத்தனை ஒருதலைப்பட்சமாக முடிந்தது, இந்த மூன்றையும் எண்ணுங்கள். பேச்சில் மறைக்க முடிந்தது எல்லாம் வாய்தாப் பட்டியலில் தெரிந்துவிடும்.

எதிர் வழக்கு நடத்துபவரை உடனே நீக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆலோசனை சொன்னவர், மனு வரைந்தவர் அதே வழக்கில் நகராட்சிக்கு ஆஜராகக் கூடாது. அந்த வழக்குகளை யார் பார்ப்பது என்று எழுதி வாங்குங்கள். கவுன்சிலரே வழக்கறிஞராக இருந்தால் விஷயம் வேறு. ஊதியம் பெற்று நகராட்சிக்காக வாதாடினாலும், நகராட்சிக்கு எதிராக வாதாடினாலும் அவருடைய பதவிக்கே ஆபத்து. விண்ணப்பதாரர் ஒரு கவுன்சிலரின் உறவினர் என்றால், அந்தப் பொருள் வரும்போது அந்தக் கவுன்சிலர் வெளியே போய்விட்டார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

அரை மணி நேரத் தேர்வு

நேர்காணலில் எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள், பேசுவதுதானே தொழில். எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் இப்படி ஒரு சங்கதியைக் கொடுங்கள்: பேருந்து நிலையக் கடை ஒன்றில் 44 மாத வாடகை பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை வருவாய்ப் பிரிவினர் கடையைப் பூட்டினார்கள். திங்கட்கிழமை மாவட்ட முன்சீப் கோர்ட்டிலிருந்து இடைக்காலத் தடை உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வாய்தா 12 நாள் கழித்து. என்ன செய்வீர்கள்?

நல்ல விடை எப்படி இருக்கும் என்று தேர்வுக் குழுவில் இருக்கும் கவுன்சிலர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதலில், வாய்தா வரை காத்திருக்காமல் அன்றே வக்காலத்து (வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் தரும் அதிகாரப் பத்திரம்) போட்டு மனு நகலை வாங்குவது. அடுத்து, உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 39ஆம் கட்டளை 4ஆம் விதியின்படி தடையை நீக்க மனு. எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்த தடை மனுவை 30 நாளுக்குள் முடிக்க கோர்ட் முயல வேண்டும் என்று சொல்லும் 3ஏ விதியைச் சுட்டுவது. பாக்கியைக் கட்டினால்தான் தடை தொடர வேண்டும் என்று நிபந்தனை கேட்பது. வருவாய்ப் பிரிவிடம் வாங்க வேண்டியவை: குத்தகை ஒப்பந்தம், கேட்புப் பதிவேட்டின் (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பதிவேடு) நகல், நோட்டீஸ், அது சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை.

நல்லவரையும் மிக நல்லவரையும் பிரிப்பது அதற்கப்புறம் வரும் இரண்டு விஷயங்கள். ஒன்று, 44 என்ற எண். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் காலவரம்பு, அதாவது 36 மாதம். மீதி 8 மாத வாடகைக்கு இடையில் வாடகைதாரர் எழுத்தில் ஒப்புக்கொண்டாரா, கொஞ்சமாவது கட்டினாரா என்று கேட்பவர் வழக்குக் கட்டை உண்மையிலேயே படிக்கிறார். இரண்டாவது, ‘பூட்டுவதற்கு முன் முறையான நோட்டீஸ் கொடுத்தீர்களா?’ என்ற கேள்வி. கொடுக்கவில்லை என்றால் கடையைத் திறந்துவிட்டு, புதிதாக நோட்டீஸ் கொடுத்து, ஒழுங்காகச் செய்யுங்கள் என்று எழுதுகிறவரை விட்டுவிடாதீர்கள். நகராட்சி செய்த தப்பை நகராட்சியிடமே சொல்கிற வழக்கறிஞர் லேசில் கிடைக்க மாட்டார். ‘ஸ்டேயை வெகேட் பண்ணிடலாம், கவலைப்படாதீங்க’ என்று மட்டும் எழுதியவருக்கு நன்றி சொல்லி அனுப்பலாம்.

நேரில் இரண்டு கேள்வி போதும். தெரு ஆக்கிரமிப்பு வழக்கில் முதலில் எந்த ஆவணத்தைக் கேட்பீர்கள்? நகர நிலஅளவைப் பதிவேடும் வரைபடமும் என்று வர வேண்டும். கூடவே, அந்தச் சாலை நகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்ற கேள்வியும் வந்தால் இன்னும் நல்லது. ஆக்கிரமித்த பொதுத்தெருவை மீட்க உள்ளாட்சிக்கு 30 ஆண்டு காலவரம்பு இருப்பது தெரிந்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுங்கள். இரண்டாவது கேள்வி: கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே கோர்ட்டில் கொடுக்கும் மனு) எப்போது போடுவீர்கள்? ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கும் அன்றே. எதிராளிக்குப் பதிவுத் தபாலில் தகவல் அனுப்பி. 90 நாள் முடிந்தால் மறுபடியும்.

மதிப்பெண்ணை வழக்குச் சரிபார்ப்புக்கு 40, எழுத்துக்கு 40, நேர்காணலுக்கு 20 என்று பிரித்தால் செல்வாக்கு விளையாட இடம் குறைவு.

கட்டணம்

வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசினால் வாய்தாதான் பெருகும். வழக்குக்கு ஒரு தொகை பேசி மூன்றாகக் கொடுங்கள்: எதிருரை தாக்கலானதும் ஒரு பங்கு, சாட்சி விசாரணை முடிந்ததும் ஒரு பங்கு, தீர்ப்பின் சான்றிட்ட நகலும் மேல்முறையீடு செய்யலாமா என்ற எழுத்துமூலக் கருத்தும் கைக்கு வந்தபின் கடைசிப் பங்கு. கடைசிப் பங்குக்குக் காரணம் இருக்கிறது. முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். நகலுக்கு மனு போட்ட நாள் முதல் நகல் தயாரான நாள் வரை அந்தக் கணக்கில் கழியும். மனுவே போடவில்லை என்றால் கழிவும் கிடையாது. நகராட்சிகள் தோற்ற வழக்குகளில் பல இந்த 30 நாளில்தான் இரண்டாவது தடவையும் தோற்கின்றன.

வசூலாகும் பாக்கியில் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பார் கவுன்சில் விதிப்படியே அது கூடாது. கோர்ட் கட்டணம், பேட்டா (சம்மன் சார்வு செய்யும் செலவு), நகல் செலவு எல்லாம் ரசீதுக்கு, தனிக் கணக்கில்.

தீர்மானம்

‘திரு. இன்னார் வழக்கறிஞராக நியமிக்கப்படுகிறார்’ என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் பின்னால் தவிக்காதீர்கள். கூட்டப்பொருள் இந்த அளவாவது விரிய வேண்டும்:

“இந்நகராட்சியின் சார்பில் மாவட்ட முதன்மை நீதிமன்றத்திலும் அதன் கீழுள்ள உரிமையியல் நீதிமன்றங்களிலும் நிலுவையிலுள்ள மற்றும் இனி தாக்கலாகும் வழக்குகளை நடத்த, வழக்கறிஞர் …… (பார் கவுன்சில் பதிவு எண் ……) அவர்களை …… முதல் ஓராண்டு காலத்துக்கு நியமிக்கவும், இணைப்பில் கண்ட கட்டண விகிதப்படி தொகை வழங்கவும், 30 நாள் எழுத்துமூல முன்னறிவிப்பின் பேரில் இரு தரப்பும் விலகிக்கொள்ளவும், விலகும்போது அனைத்து வழக்குக் கட்டுகளையும் 7 நாளுக்குள் ஒப்படைக்கவும் மன்றத்தின் அனுமதிக்கு.”

ஓராண்டு போதும், வேலை பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். மூன்றாண்டு கொடுத்துவிட்டு நீக்கப் பார்த்தால் அதுவே ஒரு வழக்காகும்.

கட்டு கைமாறும் வாரம்

தேர்வு எவ்வளவு நன்றாக நடந்தாலும் இங்கேதான் சறுக்கும். தீர்மானம் நிறைவேறிய மறுநாளே புதியவர் ஆஜராகிவிட முடியாது. பழையவரின் வக்காலத்து கோர்ட்டில் இருக்கும்வரை அவர்தான் நகராட்சியின் வழக்கறிஞர். ஒவ்வொரு வழக்கிலும் புதிய வக்காலத்தில் பழையவரின் ஆட்சேபணையில்லை என்ற கையெழுத்து வேண்டும். தர மறுத்தால் வக்காலத்து மாற்ற மனு போட வேண்டும். ‘கட்டண பாக்கி இருக்கு, கொடுத்தாத்தான் கட்டு’ என்பது சட்டத்தில் நிற்காது. ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனாலும் பழைய பாக்கியை முதலில் தீர்த்துவிட்டுக் கட்டைக் கேட்பதே ஊருக்கு நல்லது. நாளைக்கும் அதே கோர்ட் வராந்தாவில்தான் முகம் பார்க்க வேண்டும்.

கட்டுகளை வாய்தா தேதி வரிசையில் மாற்றுங்கள், ஆண்டு வரிசையில் வேண்டாம். அடுத்த 15 நாளுக்குள் வாய்தா உள்ளவை முதல் நாளே மாற வேண்டும். சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும், காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். மாற்றத்தின் நடுவே இந்தக் கெடு யார் கண்ணிலும் படாமல் கடந்துவிடும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்திருந்தால் ரத்து செய்ய மனு போட அதற்கும் 30 நாள்தான். அந்தக் கட்டுகளின் மேல் சிவப்பு மையில் தேதி எழுதிக் கொடுங்கள்.

அலுவலகத்தில் ஒருவரை, மேலாளரோ உதவியாளரோ, வழக்குகளுக்குப் பொறுப்பாக்கி அவர் எண்ணை வழக்கறிஞரிடம் கொடுங்கள். நகரமைப்பு, வருவாய், பொறியியல் பிரிவுகளிலிருந்து மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல்லும் குறிப்புரை ஏழு நாளுக்குள் வழக்கறிஞருக்குப் போக வேண்டும். வழக்கறிஞர் சும்மா இருக்கிறார் என்று மன்றத்தில் சத்தம் போடும் வழக்குகளில் பலவற்றில், குறிப்புரை அனுப்பாமல் சும்மா இருந்தது நகராட்சிதான்.

வழக்கறிஞரிடமிருந்து மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஒரு அட்டவணை வர வேண்டும்: வழக்கு எண், கோர்ட், கடந்த வாய்தாவில் நடந்தது, அடுத்த வாய்தா, அலுவலகத்திடம் வேண்டியது என்ன. வந்ததை இ-கோர்ட்ஸில் ஐந்து வழக்கு திறந்து ஒத்துப் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஒத்துவராவிட்டால் மூன்றாவது மாதப் பில்லைப் பட்டியலில் ஏற்றாமல் விளக்கம் கேட்டுக் கடிதம் போடுங்கள்.