பிராட்செட்டைப் பிறர் கையில் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு எழுத்தாளர்மேல் பித்துப் பிடித்துவிட்டால், அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் கையிலும் அவருடைய நூலைத் திணிக்காமல் இருக்க முடியாது. ஆங்கில நையாண்டி நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் விஷயத்தில் இந்தப் பித்து கொஞ்சம் முற்றியே வரும். ஈரோட்டில் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு வரும் இளைஞர்கள் அவரைப் பரப்பக் கிளம்பி, நான் ஒரு காலத்தில் செய்த அதே குளறுபடிகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். இரவல் போன நூல் திரும்பாது, முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நூலிலிருந்து தொடங்கச் சொல்வது

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடிவதில்லை. டிஸ்க்வேர்ல்ட் என்ற கற்பனை உலகத்தை வைத்து பிராட்செட் எழுதிய வரிசையில் 41 நாவல்கள். வரிசை என்றதும் கை தானாக ஒன்றாம் நூலைத் தேடுகிறது. அந்த ஒன்றாம் நூல் 1983-இல் வந்த ‘தி கலர் ஆஃப் மேஜிக்’.

பெருந்துறைப் பக்கம் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர், கோபியில் இருக்கும் தன் பெரியப்பாவுக்கு அதைக் கொடுத்தார். பெரியப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கில நாவல்களை இளமையிலிருந்தே படிப்பவர். நையாண்டி என்றால் உயிர். நூல் சீக்கிரமே திரும்பி வந்தது. “ஏனப்பா, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு குறி போட்டுக் கொடுத்திருக்கலாமே” என்று கேட்டாராம். தம்பி என்னிடம் வந்து, “பெரியப்பாவுக்கு நகைச்சுவை பிடிபடவில்லைங்க அண்ணா” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்த நூல் கேலி செய்வது மேற்கத்திய வாள்வீச்சு மாயாஜாலக் கதைகளை. ராபர்ட் ஹோவர்டின் கோனன், ஃபிரிட்ஸ் லைபரின் வீரர்கள், ஆன் மெக்காஃப்ரியின் டிராகன்கள் என ஒரு கூட்டத்தையே தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் முழுச் சிரிப்பும் கிடைக்கும். மற்றவருக்கு அதில் தெரிவது, மந்திரம் வராத மந்திரவாதி ஒருவன் ஊர் ஊராக ஓடுவதும், அவனோடு ஒரு சுற்றுலாப் பயணியும் கால் முளைத்த பெட்டியும் அலைவதும்தான். கோபிப் பெரியப்பாமேல் என்ன குற்றம்?

பிராட்செட் கதைகளைக் கேலி செய்வதிலிருந்து மனிதர்களைக் கேலி செய்வதற்கு வந்துசேரச் சில நூல்கள் ஆயின. அங்க்-மார்போர்க் என்ற அவருடைய நகரம் வளர வளர, அங்கே நாம் அன்றாடம் படியேறும் இடங்களெல்லாம் முளைத்தன. காவல் நிலையத்துக்கு ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989), செய்தித்தாளுக்கு ‘தி ட்ரூத்’ (2000), வங்கிக்கு ‘மேக்கிங் மணி’ (2007). தபால் அலுவலகத்துக்கு என்றே ‘கோயிங் போஸ்டல்’ (2004) இருக்கிறது. தூக்கு மேடையிலிருந்து பிழைத்து வந்த மோசடிக்காரனிடம் செத்துப்போன அஞ்சல் துறையை ஒப்படைக்கிறார்கள். கட்டடம் முழுக்கப் பட்டுவாடா ஆகாத கடிதங்கள். எதிரில், பராமரிப்புச் செலவை வெட்டி லாபம் காட்டும் ஒரு தனியார் செய்திக் கோபுர நிறுவனம். வாழ்நாளெல்லாம் தபால் பிரித்த மனிதருக்கு இதைவிட்டு மந்திரவாதியையா கொடுப்பது? பிராட்செட்டே 1980-களில் பிரிட்டனின் மத்திய மின் உற்பத்தி வாரியத்தில், அணுமின் நிலையங்களுக்கான பத்திரிகைத் தொடர்பு அலுவலராக இருந்தவர். அலுவலகங்கள் எப்படிப் பேசும், எதை எப்படி மழுப்பும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர்.

சேதம் என்னவென்றால், பெரியப்பா இனி அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். பிராட்செட் பெயரை எடுத்தாலே பேச்சை மஞ்சள் விலைக்குக் கொண்டுபோய்விடுகிறாராம். இரண்டாவது நூலை நீட்டும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே முதலில் அவர் என்ன வேலை பார்த்தார், எதைப் பார்த்தால் எரிச்சல்படுவார் என்று கேளுங்கள். பிறகு நூலைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றாம் எண் எங்கேயும் ஓடிவிடாது.

குத்திக்காட்டக் கொடுப்பது

‘ஸ்மால் காட்ஸ்’ (1992) தனியாகப் படிக்கக்கூடிய நாவல். ஓம் என்னும் பெருந்தெய்வம் பூமிக்கு வந்தால் ஆமையாகக் கிடக்கிறது. காரணம், நாடே வணங்கினாலும் உள்ளபடி நம்புகிறவன் ஒரே ஒருவன். மற்றவர்கள் நம்புவது விசாரணைக் கூடத்தின் சித்திரவதைக் கருவிகளை. வயலுக்கு வயல் கருப்பராயனும் கன்னிமாரும் இருக்கும் நம் ஊரில் இந்தக் கதைக்கு விளக்கமே தேவைப்படாது. ஆனால் காங்கேயத்து மருமகள் ஒருவர், கோயில் கமிட்டியில் இருக்கும் மாமனாருக்கு, “இதைப் படியுங்க மாமா, உங்களைப் பற்றித்தான்” என்று சொல்லிக் கொடுத்தார். நூல் பரணுக்குப் போய்விட்டது. நோம்பிக்கு வசூல் செய்யும் மனிதரை இவர் எதிராளியாக்கினார். பிராட்செட்டோ பக்தியைத் தொடவே இல்லை, பயத்தைப் பக்தி என்று விற்பவர்களைத்தான் பிடித்தார். அந்த மாமனார் படித்திருந்தால் ரசித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பூட்ஸ் கதையை வெட்டி அனுப்புவது

‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993) நாவலில் காவல் தலைவர் வைம்ஸ் போடும் கணக்கு இது. பணக்காரன் 50 டாலருக்கு வாங்கும் பூட்ஸ் பத்து ஆண்டு உழைக்கும். ஏழை 10 டாலர் பூட்ஸை மாற்றி மாற்றி வாங்கி, அதே காலத்தில் 100 டாலர் செலவழித்தும் ஈரக் காலோடு நிற்பான். 2022-இல் பிரிட்டனில், வறுமைக்கு எதிராகக் குரல் கொடுக்கும் உணவு எழுத்தாளர் ஜாக் மன்ரோ ஏழைகளின் விலைவாசியை அளக்க ஒரு குறியீட்டைத் தொடங்கியபோது அதற்கு வைம்ஸின் பெயரையே வைத்தார். அவ்வளவு புகழ் பெற்ற பத்தி என்பதால் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெட்டி அனுப்பும்போது விழுந்துவிடுவது, அந்த வைம்ஸ் நகரத்தின் பெரும் பணக்காரப் பெண்ணை மணக்கப்போகும் நேரத்தில் இதை யோசிக்கிறார் என்பது. மெலிந்த பூட்ஸ்காரன் தடித்த பூட்ஸ்காரர்களின் வீட்டுக்குக் குடிபோகும் தர்மசங்கடம் போய்விட்டால், மிஞ்சுவது பொருளாதாரப் பாடம்தான்.

அடிக்குறிப்புகளைத் தாண்டச் சொல்வது

வேண்டாம். நல்ல சிரிப்புகளில் பல அங்கேதான்.

திரைவடிவத்தைக் காட்டிப் பழக்குவது

கூடாது. பிராட்செட்டின் குரல் கதைசொல்லியிடம் இருக்கிறது, சம்பவத்தில் இல்லை.

கடைசி நூலை முதலில் வாங்குவது

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ நூலோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2015 மார்ச்சில் பிராட்செட் மறைந்த பிறகு, அதே ஆண்டு வெளிவந்த நாவல் அது. டிஃபனி என்ற சிறுமியைப் பற்றிய ஐந்து நூல்களில் ஐந்தாவது. அதன் தொடக்கத்திலேயே ஒன்று நடக்கிறது. என்னவென்று சொல்ல மாட்டேன். ‘தி வீ ஃப்ரீ மென்’ தொடங்கி முந்தைய நான்கையும் முடித்துவிட்டு அதைத் திறங்கள்.