தோளில் சுமை ஏறும்போது கழுத்தை இழுத்துப் பயனில்லை

நிமிர்ந்து உட்காருங்கள், போனைக் குனிந்தே பார்க்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டில் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்பவர்கள் கழுத்து வலி என்று பிசியோதெரபிக்கு வரும்போது, பல மாத வலியோடுதான் வருகிறார்கள். அந்த மாதங்களில் அவர்கள் சும்மா இருந்ததில்லை. தைலம், வெந்நீர் ஒத்தடம், சுளுக்கு வழிப்பது, வீடியோ பார்த்துக் கழுத்தைச் சாய்த்துப் பிடிப்பது என்று ஏதோ ஒன்றை விடாமல் செய்திருக்கிறார்கள். அவ்வளவு செய்தும் தீரவில்லையே என்ற ஏமாற்றம்தான் வலியைவிட அதிகம்.

இறுகிய இடத்தை இழுத்துக்கொண்டே இருப்பது

கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், கைப்பையை மாட்டும் இடத்தை அழுத்திப் பாருங்கள். கயிறு திரித்த மாதிரி இருக்கும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு', 'வாயுப் பிடிப்பு' என்பார்கள். கையில் தட்டுப்படுவது நரம்பும் இல்லை, வாயுவும் இல்லை. அது டிரபீசியஸ் என்ற தசையின் மேல்பகுதி. அதற்கு அடியில் லெவேட்டர் ஸ்கேப்புலே என்று இன்னொரு தசை, கழுத்தின் மேல் நான்கு எலும்புகளில் தொடங்கித் தோள்பட்டை எலும்பின் உள்மூலையில் வந்து முடிகிறது. 'முதுகில் இந்த ஒரு இடம்தான்' என்று பலரும் விரல் வைத்துக் காட்டுவது அந்த மூலையைத்தான்.

எட்டு மணி நேரம் கீபோர்டின் மேல் கையை நீட்டி வைத்திருக்கும்போதும், பத்து கிலோ குழந்தையை ஒரே இடுப்பில் தாங்கிக்கொண்டு மறு கையால் தோசை வார்க்கும்போதும், தோளைக் கீழே சரியவிடாமல் பிடித்திருப்பது இந்தத் தசைகள்தான். குறைந்த விசைதான், ஆனால் விடுப்பே இல்லாத வேலை. இப்படிச் சோர்ந்துபோன தசை 'இறுகிவிட்டது' என்ற உணர்வைத்தான் தரும். நீளம் குறைந்துபோனதாகத் தோன்றும், பெரும்பாலும் குறைந்திருக்காது. தோள் கீழே தொங்கி முன்னால் சரிந்து உட்காருபவர்களிடம் அது ஏற்கெனவே இழுபட்ட நிலையில்தான் கிடக்கிறது. அதைப் பிடித்து இன்னும் இழுத்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். நீவிவிட்டாலும், ஒத்தடம் கொடுத்தாலும் அப்படித்தான். அந்த நேரத்துக்கு வலி உணர்வு அடங்குகிறது, தசையின் பலம் கூடுவதில்லை. மறுநாள் அதே சுமையை அதே தசை தூக்குகிறது, மாலைக்குள் அதே வலி.

நம்மை எரிச்சல்படுத்துவது இதனால் வீணாகும் காலம். வாரம் ஒரு மசாஜ், மாதம் ஒரு புதுத் தலையணை என்று பணம் போகிறது. குழந்தையோ மாதத்துக்கு மாதம் எடை கூடிக்கொண்டே போகிறது. ஒரு வயதில் ஒன்பது, பத்து கிலோ. இரண்டு வயதில் பன்னிரண்டு. சுமை ஏறுகிறது, தூக்கும் தசை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதில் பிசியோதெரபித் துறைக்கும் பங்கு உண்டு. இடமும் வலமும் கழுத்தைச் சாய்த்து முப்பது வினாடி என்று படம் போட்ட தாளைக் கொடுத்து அனுப்பிய காலம் நீண்டது. இன்றும் புதிதாகப் படித்து வருபவர்கள் அதே தாளைக் கொடுப்பதைப் பார்க்க முடிகிறது.

டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் 198 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2011இல் வெளியானது. ஒரு குழு நாளுக்கு 2 நிமிடம், ஒரு குழு 12 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம் ரப்பர் குழாயை இழுத்துக் கையைத் தூக்கும் பயிற்சி செய்தது. இரண்டு நிமிடக் குழுவிலும் வலி தெளிவாகக் குறைந்தது. 'எனக்கு நேரம் எங்கே இருக்கிறது' என்று கேட்கும் அப்பா அம்மாக்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. குக்கரில் இரண்டாவது விசில் வருவதற்குள் முடிந்துவிடும்.

செய்முறை இது. இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களில் பாதியளவு தண்ணீர் நிரப்பினால் கைக்கு அரை கிலோ. நின்றுகொண்டு, முழங்கையை லேசாக மடக்கி, இரு கைகளையும் தோள் உயரம் வரை தூக்குங்கள். நேர் பக்கவாட்டில் தூக்காமல் 30 டிகிரி அளவு முன்பக்கமாகக் கொண்டுவந்து தூக்க வேண்டும். தோள் மூட்டுக்கு அதுதான் இதமான பாதை. ஏற இரண்டு வினாடி, இறங்க இரண்டு வினாடி. இனி முடியாது என்று தோன்றும்வரை, அதிகபட்சம் இரண்டு நிமிடம். 15 முறைக்கு முன்பே கை நடுங்கினால் தண்ணீரைக் குறையுங்கள். இரண்டு நிமிடமும் சுலபமாகத் தாண்டினால் கால் லிட்டர் சேருங்கள். பாட்டிலில் உள்ள வசதியே இதுதான். 1 லிட்டரும் போதாமல் போனால் உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டுக்கு மாறலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு கையை வீசுவது ஒன்று. எடையே இல்லாமல் மாதக்கணக்கில் வெறுங்கையைத் தூக்குவது இன்னொன்று. பழகிய சுமைக்கு மேல் கொடுத்தால்தான் தசை வலுக்கும். மூன்றாவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்: முதல் இரண்டு வாரத்தில் தசை நோவு வந்ததும் 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று, நான்குக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். அதைத் தாண்டினால் எடையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒத்தடமும் நீவலும் இதற்குத் துணையாக இருக்கட்டும், தடையில்லை.

சலூனில் நெட்டி எடுப்பது

முடி வெட்டி முடித்ததும் தாடையையும் பின்தலையையும் பிடித்து வெடுக்கென்று திருப்புவார்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் இளம் வயதினருக்கும் வருகிறது. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'தேய்மானம்' என்ற சொல்லுக்குப் பயப்படுவது

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கியிருக்கிறது என்று பார்த்ததும் குழந்தையைத் தூக்குவதையே விட்டவர்கள் உண்டு. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. படத்தில் இருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

கழுத்துப் பட்டை

அடிபடாத கழுத்துக்குத் தேவையில்லை. மாதக்கணக்கில் போட்டால் தசை இன்னும் பலம் இழக்கும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை

டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாரக்கணக்கில் சாப்பிடும் சாதாரண மாத்திரை இல்லை. வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் பாதிக்கும்.

குழந்தையிடம் குனிவது

தூளியிலிருந்து எடுக்கும்போது நின்றபடி குனிந்து கையை நீட்டித் தூக்காதீர்கள். ஒரு முழங்காலை மண்டியிட்டு, முதலில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, பிறகு எழுங்கள். அதே பத்து கிலோ, கை நீட்டியிருக்கும்போது தோளுக்கு இரண்டு மூன்று மடங்கு பாரம். பால் கொடுக்கும்போது குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. மடியில் ஒரு தலையணை, முழங்கைக்கு ஒன்று வைத்தால் தோள் தளரும். குழந்தை தூங்கிய பின் அதன் தலைக்கு அடியில் கிடக்கும் உங்கள் கையை எடுத்துவிடுங்கள். விடியற்காலை மரத்துப்போகும் கைகளில் பல அதனால்தான்.

தோள் மூட்டு உறைவதைக் கழுத்து வலி என்று நினைப்பது

ரவிக்கை ஊக்கைப் பின்னால் மாட்ட முடியவில்லை, பின்பாக்கெட்டுக்குக் கை போகவில்லை, அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலைகிறது என்றால் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். மறு கையோடு ஒப்பிட்டால் பாதியில் நின்றுவிடுகிறதா? அப்படியானால் மேலே சொன்ன பாட்டில் பயிற்சியைத் தொடங்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், சர்க்கரையையும் சோதியுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

வலி விரல் வரை இறங்கி, பிடிமானம் குறைந்து டம்ளர் நழுவுகிறது என்றால் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு மாறுவது ஆகியவை தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறிகள், அன்றே போங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், கீழே விழுந்தபின் வலி தொடங்கினாலும் அப்படியே. இடது தோளிலும் தாடையிலும் வலி பரவி, நெஞ்சை அழுத்தி வியர்த்தால் தைலத்தைத் தேடாமல் 108ஐ அழையுங்கள்.