கைப்பிடி அரிசியில் தொடங்குங்கள்

உலை வைக்கும் முன் அரிசியை அளந்து எடுக்கிறீர்கள் இல்லையா, அதைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பழக முதல் வேலை இவ்வளவுதான். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது பாட்டி காலத்துப் பழக்கம், கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று சொல்வோம். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. என் கைக்கு ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம், ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் மாதம் 1 கிலோ 200 கிராம் சேரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதை என் பாட்டி விடவே மாட்டார்கள். அளந்த பிறகுதான் எடுக்க வேண்டும். கொடுப்பதற்கென்று கூடுதலாக ஒரு பிடி அளந்து எடுத்தால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் குறையாது. அளந்ததிலிருந்து எடுத்தால் ராத்திரி சட்டியில் ஒரு கரண்டி சோறு குறையும், அது யார் தட்டில் குறைய வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்தாக வேண்டும். பாட்டி தன் தட்டில் குறைத்துக்கொண்டார்கள். சுயத்தை வெறுப்பது என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் வரும்.

சரி, சேர்த்ததை எப்படிக் கொடுப்பது? இங்கேதான் நாம் அதிகம் தவறுகிறோம், நானும் தவறியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் விதவைகளுக்கு ஆளுக்கு 5 கிலோ அரிசி கொடுத்தோம். வரிசையாக மேடைக்குக் கூப்பிட்டு, பையை இரண்டு பேரும் பிடித்தபடி நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். ஒரு அக்கா, போனைத் தூக்கியதும் சேலை முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடிக்கொண்டார். பையின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான். அந்த முந்தானையை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

தன் வயலில் கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்கு நிலக்காரர் போவாஸ் என்ன செய்தார் என்று வேதாகமத்தில் ரூத் 2-ம் அதிகாரத்தில் பாருங்கள். அவர் நினைத்திருந்தால் ஒரு மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அறுக்கிற வேலைக்காரரிடம், அவளுக்காகக் கொஞ்சம் வேண்டுமென்றே சிந்த விடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று மட்டும் தனியாகச் சொல்லிவைத்தார். சாயங்காலம் ரூத் வீட்டுக்குக் கொண்டுபோன ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை, அவள் தன் கையால் பொறுக்கித் தட்டி எடுத்தது. மாமியார் முன்னால் தலை நிமிர்ந்து வைத்திருப்பாள்.

இதை நம் தெருவில் செய்ய ஒரு வழி இருக்கிறது. கஷ்டப்படுகிற குடும்பம் எந்த மளிகைக் கடையில் பற்று வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் நமக்குத் தெரியும். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் போய், "அவங்க கணக்குல 500 ரூபாய் வரவு வச்சுக்கோங்க அண்ணாச்சி, யாருன்னு கேட்டா சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், நோட்டை எட்டிப் பார்க்காதீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னதைச் செய்து பார்க்க மளிகைக் கடையை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் சம்பளம். இதை அன்புச் செயல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கடமை அது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் போகிற வீடுகளில்கூட ஒன்றாம் தேதி சம்பளம் ஏழாம் தேதிக்குத் தள்ளிப்போகிறது. உபாகமம் 24-ல் கூலியைப் பொழுது போகும் முன் கொடுத்துவிடு, அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று இருக்கிறது. தேதியை மாற்றாதீர்கள், காய்ச்சலில் படுத்த நாளுக்குப் பிடிக்காதீர்கள், சாயம் போன சேலையைக் கொடுத்துவிட்டு அதைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமானது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, பின்னாளில் தோர்ணக்கல் பேராயர் ஆனவர், 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே ஒன்று கேட்டார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்று அவர் அவர்களிடம் கேட்டதை இன்று நம்மிடமும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சாதி பார்த்துத் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் நம் மத்தியில் இன்னும் உண்டு. அரிசி கொடுக்கிறோமே, அவர்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போயிருக்கிறோமா, அவர்கள் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்திருக்கிறோமா? போங்கள். பாய் விரித்தால் பாயில் உட்காருங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் கவரை மட்டும் கொடுத்தனுப்பாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஊரில் அசனம் என்ற சபை விருந்து நடக்கும்போது முதல் பந்திக்கு முண்டாமல் வாளியைத் தூக்கிப் பரிமாறுங்கள், கடைசிப் பந்தியில் கோவில் சுத்தம் செய்கிறவர் பக்கத்தில் இலை போட்டு உட்காருங்கள். அப்போது பேச்சு தானாக வரும். அவர் மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியவரும்.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஊழியக்காரர்கள், விருந்தாளிகள் என்று பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்து சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார்கள், அடுப்படியில் மனைவி ஒற்றை ஆளாக வேர்த்து வடிந்துகொண்டிருப்பார். கொடுத்தவர் யார் என்று யோசியுங்கள். யோவான் 13-ல் ஆண்டவர் தாமே துண்டைக் கட்டிக்கொண்டு, தாமே தண்ணீர் வார்த்து, தாமே கால்களைக் கழுவித் துடைத்தார். நீங்கள் கூப்பிட்ட விருந்து என்றால் பாத்திரம் நீங்கள் தேயுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாம் எல்லோரும் போகிறோம், ஆப்பிள் வாங்கிக்கொண்டு, ஜெபித்துவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறோம். படுத்திருப்பவரை விட அவர் கூட இருப்பவரைப் பாருங்கள். பெரியாஸ்பத்திரியில் அம்மாவோடு ஒரு வாரமாக இருக்கிற பெண்ணுக்கு ஒழுங்காகக் குளிக்க நேரம் இருந்திருக்காது, கட்டிலுக்குக் கீழே துணியை விரித்துப் படுத்திருப்பாள், டீ வாங்கக்கூட நம்பி விட்டுப்போக ஆள் இருந்திருக்காது. சாயங்காலம் ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு போய், "நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சு, தூங்கிட்டு காலையில வா, நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டு எங்கே, எத்தனை மணிக்கு என்ன மாத்திரை, டிரிப்ஸ் முடிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், இதை மட்டும் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் எந்த மதம் என்பது டீக்குத் தேவையில்லை, டீயோடு கைப்பிரதியும் தேவையில்லை. ஆண்டவர் சொன்ன கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்துவிட்டு, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான், அடிபட்டவனிடம் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. யாராவது ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், மெதுவாக, பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடாதபடி.

அந்தச் சமாரியன் திரும்பி வருவதாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். துக்க வீட்டில் முதல் நாள் நாற்காலி பத்தாது. பதினைந்தாம் நாள் போய்ப் பாருங்கள், அந்த அம்மா மட்டும் இருப்பார். அப்போது அவருக்குத் தேவைப்படுவது இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பென்ஷன் விண்ணப்பம். இ-சேவை மையத்துக்குக் கூடப் போய் வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும், ஒரு அரை நாள் லீவு போட்டால் முடிகிற காரியம்.

அப்புறம், வாங்கவும் பழகுங்கள். நீங்கள் உதவி செய்த ஒரு பாட்டி ஒரு நாள் முந்தானையில் இரண்டு நாட்டுக்கோழி முட்டையோ ஒரு கட்டு முருங்கைக்கீரையோ கொண்டுவந்து நீட்டுவார். உங்களுக்கே கஷ்டம், எதுக்கு பாட்டி என்று தள்ளிவிடாதீர்கள், பதிலுக்கு உடனே பணத்தைத் திணிக்காதீர்கள். இரண்டு கையாலும் வாங்கி, அன்றைக்கே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அவரைப் பார்க்கும்போது கீரை நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.