தேக்கில் விலகிய ஓம்

யாங்கூனில் புது சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்படி மரம் செதுக்கும் இயந்திரம்) வாங்க என் கையில் காசில்லை. நானே ஒன்றைக் கட்டினேன். பழைய பிரிண்டர்களில் கழற்றிய இரும்புத் தண்டுகள், ப்ளைவுட், ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டு, ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழலும் மூன்று நேமா 17 மோட்டார், அவற்றுக்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் ஏ4988 டிரைவர்கள். இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் இலவசம்.

முதல் கோளாறு சின்னது. 100 மி.மீ. நகரச் சொன்னால் 62.5 தான் நகர்ந்தது. மென்பொருளில் மில்லிமீட்டருக்கு 250 ஸ்டெப் என்று இருந்தது. என் மோட்டார் ஒரு சுற்றுக்கு 3200 ஸ்டெப் எடுக்கும், திருகுத்தண்டு அதே சுற்றில் 8 மி.மீ. போகும்; அதனால் 400 வேண்டும். மாற்றினேன், சரியாயிற்று.

படுத்தியது இரண்டாவதுதான். அத்தை வீட்டுப் பூஜையறைக்குத் தேக்குப் பலகையில் ‘ஓம்’ செதுக்கினால் பாதியில் எழுத்து பக்கவாட்டில் விலகிவிடும். இரண்டு பலகை பாழ். மியான்மர் தேக்கு விளையும் நாடுதான், அதற்காக இனாமாகவா தருகிறார்கள்? மென்பொருளைச் சந்தேகித்தே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் மல்டிமீட்டரை வைத்தால் மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் என்று தீர்மானிக்கும் டிரைவரின் ரெஃபரன்ஸ் வோல்டேஜ் 0.4 வோல்ட். போர்டில் ரெசிஸ்டர் 0.1 ஓம் (இந்த ஓம் வேறு!) என்பதால் மோட்டாருக்கு அரை ஆம்பியர்தான் போகிறது, கெட்டி மரத்தில் திணறி ஸ்டெப்பைத் தவறவிடுகிறது. டிரைவரில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி 0.8 வோல்ட் ஆக்கினேன். டிரைவரில் சூடு ஏறியது, பழைய கம்ப்யூட்டர் விசிறியைக் கட்டினேன். அப்புறம் ஒவ்வொரு மில்லிமீட்டராகவே ஆழம் இறக்கினேன்.

மூன்றாவது பலகை அத்தை வீட்டில் தொங்குகிறது.